சாவி சுவிட்ச் மாட்ட ஸ்பெஷல் டூல் வேணுமா? பெரம்பூர் தம்பிக்கு பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், பெரம்பூர்லேர்ந்து எழுதுறேன். அப்பா ஓட்டிட்டிருந்த 150 சிசி வண்டிய இப்ப நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன். கொஞ்ச நாளா ஓடிட்டிருக்கும்போதே டக்குனு கரண்ட் கட்டாகுது, அப்புறம் தானா வருது, அதுவும் திரும்பும்போதும் பார்க்கிங்ல ஹேண்டில ஒடிக்கும்போதும் தான் ஜாஸ்தி. எங்க தெரு மெக்கானிக் பாத்துட்டு சாவி சுவிட்ச் போச்சுன்னாரு. அடியில இருந்த ரெண்டு போல்ட்டுக்கும் தலையே இல்ல, மொழுக்குன்னு இருந்துச்சு, உளி வெச்சு தட்டித் தட்டி கழட்டினாரு. புது லாக் செட் வாங்கிட்டு வாப்பான்னாரு, ஜி.பி. ரோடு போய் வாங்கிட்டு வந்தா கடை பூட்டிருக்கு, ஊருக்குப் போயிட்டாராம், எப்ப வருவாருன்னு தெரியல. வீடியோல எல்லாம் டார்க் ரெஞ்ச் (எவ்ளோ டைட்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வேணும், செக்யூரிட்டி பிட் வேணும்னு சொல்றாங்க. என்கிட்ட ஸ்பேனர் செட், அலன் கீ செட், ஸ்க்ரூடிரைவர் தான் இருக்கு. நானே மாட்டலாமா? சாதா போல்ட் போட்டா தப்பா?

பதில்: மாட்டலாம் தம்பி. சாதா போல்ட்டும் போடலாம். ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், பழைய சுவிட்ச்ச தூக்கிப் போட்டுட்டியா? போடலன்னா பத்திரமா வை, அது நல்லா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

ஏன்னு கேளு. சாவி சுவிட்ச் உள்ள காண்டாக்ட் தேஞ்சு போச்சுன்னா அது எப்படி காட்டும்னா, பள்ளத்துல ஏறி இறங்குனா கட்டாகும், சாவிய லேசா ஆட்டுனா கட்டாகும், சாவிக்கொத்து தொங்கி ஆடுறப்ப கட்டாகும். நீ எழுதுனது அது இல்ல, ஹேண்டில ஒடிச்சா கட்டாகுதுங்குற. ஹேண்டில் திரும்பும்போது வண்டில எது மடங்குது? வயர் தான் மடங்குது. சுவிட்ச் டி பிளேட்டோட (ஃபோர்க் பைப் ரெண்டையும் மேல பிடிக்குற தட்டு) சேந்து திரும்பும், மெயின் வயரிங் சேசிஸோட அசையாம நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல கோன் செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) பக்கத்துல போற அந்த அரை அடி வயர் தான் ஒவ்வொரு தடவையும் மடங்கி மடங்கி நிமிருது, வருஷக்கணக்குல. மேல பிளாஸ்டிக் நல்லா இருக்கும், உள்ள செம்புக் கம்பி ஒவ்வொரு இழையா அறுந்து கடைசில ரெண்டு இழைல தொத்திட்டு இருக்கும். அந்த அறுந்த இடம் சுவிட்ச் பக்கத்து வயர்ல இருந்தா புது செட் மாட்டுனதும் சரியாயிடும், மெயின் வயரிங் பக்கம் இருந்தா நீ புதுசு மாட்டியும் அடுத்த வாரமே மறுபடி மூலக்கடை சிக்னல்ல நின்னுட்டு கிக்கர மிதிச்சிட்டிருப்ப. உங்க மெக்கானிக்க நான் குறை சொல்லல, சுவிட்ச்சா வயரான்னு ஆட்டிப் பாக்காம முடிவு பண்றது நிறைய கடைல நடக்குறது தான்.

அதனால முதல்ல ஒரு மல்டிமீட்டர் (வயர் அறுபடாம இருக்கான்னு பாக்குற மீட்டர்) வாங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை கம்மியா கிடைக்குறதே போதும், பீப் சத்தம் வர்ற மாடலா பாத்து வாங்கு, உனக்கு இந்த வேலைக்கு வேணும்ங்குற ஒரே ஸ்பெஷல் டூல் அது தான்னு நான் சொல்லுவேன். பழைய சுவிட்ச்ச கைல வெச்சுக்கோ, கப்ளர்ல (வயர் முனைல இருக்குற பிளாஸ்டிக் சொருகி) பேட்டரி வயர் ஒண்ணு, சாவி போட்டதும் கரண்ட் போற வயர் ஒண்ணு, ரெண்டுலயும் மீட்டர் முனைய வை. ஹோண்டா வழி வந்த வண்டிகள்ல செவப்பும் கறுப்பும், யமஹால செவப்பும் பிரவுனும், சுசுகில செவப்பும் ஆரஞ்சும், மத்த கம்பெனிக்கு வயரிங் படம் பாத்துக்கோ. சாவிய ஆன் பண்ணு, பீப் வரணும், இப்ப வயர சுவிட்ச் வாய்ல இருந்து கப்ளர் வரைக்கும் ஒவ்வொரு இஞ்சா மடக்கி நிமித்து. பீப் எங்க விட்டு விட்டு வருதோ அங்க தான் நோவு. பெரும்பாலும் ரெண்டு இடம், ஒண்ணு சுவிட்ச் அடியில சால்டர் வெச்ச இடம், இன்னொண்ணு டேப் சுத்தி முடிஞ்சு வயர் வெளிய வர்ற இடம். எவ்ளோ ஆட்டுனாலும் பீப் நிக்காம வந்துச்சுன்னா சுவிட்ச் மேல பழி இல்ல, வண்டி பக்கத்து கப்ளரப் பாரு.

அந்த கப்ளர் விஷயத்துல நம்ம ஊரு கொஞ்சம் மோசம். திருவொற்றியூர், காசிமேடு, பட்டினப்பாக்கம் பக்கம் ராத்திரி வெளிய நிக்குற வண்டிகள்ல கடல் காத்து பட்டே பின் எல்லாம் பச்சையா களிம்பு பூத்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம்லயும் தண்ணில நின்ன வண்டின்னா கேக்கவே வேணாம், இன்ஜின் ஆயில் மாத்தி ஸ்டார்ட் பண்ணிட்டு நல்லா இருக்குன்னு ஓட்டிடுவாங்க, கப்ளர யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, அது உள்ள உக்காந்து மெதுவா அரிச்சிட்டே இருக்கும். பச்சை இருந்தா காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பழைய டூத் பிரஷ்ல தேய், ஏதாவது பின் பின்னாடி நழுவிப் போயிருந்தா சின்ன ஸ்க்ரூடிரைவரால அதோட நாக்க நிமித்தி திரும்ப உள்ள தள்ளு, கிளிக்குனு உக்காரணும். வயர் அறுந்திருந்தா முறுக்கி டேப் ஒட்டாத, சால்டர் வெச்சு ஹீட் ஸ்லீவ் போடு, அதுவும் மடங்குற இடத்துல ஜாயிண்ட் வராம தள்ளி வை, ஏன்னா சால்டர் வெச்ச இடம் விறைப்பாயிடும், மடங்குனா அது ஓரத்துலயே மறுபடி அறுந்துடும்.

இப்ப போல்ட்டுக்கு வரேன். மொழுக்குன்னு இருந்துச்சுன்னியே, அது கழண்டு வரக்கூடாதுன்னே போடுறது. புதுசா இருக்கும்போது அதுக்கும் ஆறு மூலைத் தலை இருக்கும், தலைக்கு கீழ கழுத்து மட்டும் ஒல்லியா கடைஞ்சிருப்பான், ஒரு அளவுக்கு மேல டைட் பண்ணா கழுத்து முறிஞ்சு தலை கைல வந்துடும், உள்ள நிக்குறதுக்கு ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்காது. திருடனுக்காகப் பண்ணது. இதுல வேடிக்கை என்னன்னா, இந்த போல்ட்டுக்குத் தான் டார்க் ரெஞ்ச் தேவையே இல்ல, எவ்ளோ டைட் வேணுமோ அவ்ளோ வந்ததும் அதுவே முறிஞ்சு சொல்லிடும், சாதா ரிங் ஸ்பேனரே போதும். உன் செட்டோட அந்த மாதிரி போல்ட் வந்திருந்தா அதையே போடலாம். சில வண்டில வேற மாதிரி, நட்சத்திரக் குழி இருக்கும், குழி நடுவுல ஒரு ஊசி நிக்கும், அதுக்கு நடுவுல ஓட்டை போட்ட செக்யூரிட்டி பிட் வேணும், பாரிமுனைல டூல்ஸ் கடைல பிட் செட்டாவே கிடைக்கும்.

ஆனா என் யோசனை என்னன்னா, முதல்ல சாதா அலன் போல்ட் போட்டு ஒரு பத்து நாள் ஓட்டு. கரண்ட் கட்டாகுற பிரச்சனை நிஜமா போச்சான்னு தெரியாம தலைய முறிச்சிட்டா, மறுபடி கழட்ட மறுபடி உளி, அந்த அடி எல்லாம் புது சுவிட்ச் மேல தான் விழும், அது ஜிங்க் காஸ்டிங் பாடி, விரிசல் விட்டுடும். பிரச்சனை போச்சுன்னு உறுதியானதும் தலை முறியிற போல்ட்ட மாத்திக்கோ, இல்ல அலன் போல்ட்டே இருக்கட்டும்னா அலன் குழிக்குள்ள சரியான சைஸ் பேரிங் குண்டு ஒண்ண தட்டி இறக்கிடு, இல்லன்னா எம்-சீல் வெச்சு அடைச்சிடு. குண்டு தட்டுறதா இருந்தா போல்ட்ட மாட்டுறதுக்கு முன்னாடி இல்ல, மாட்டி முடிச்ச அப்புறம் அடியிலேர்ந்து தட்டணும், இடம் குறுகல், அதனால எனக்கு எம்-சீல் தான் பிடிக்கும். தேவைப்பட்டா குத்தி எடுத்துக்கலாம்.

சாதா போல்ட்டுன்னு சொன்னேன்னு கைக்கு கிடைச்சத போட்டுடாத. பழைய போல்ட் துண்ட கடைக்கு எடுத்துட்டுப் போ, கனம், மரை, நீளம் மூணும் ஒண்ணா இருக்கணும். 8 எம்எம் போல்ட்டுக்கு மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 எம்எம், 6 எம்எம்முக்கு 1.0. நீளம் தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். டி பிளேட்ல ஓட்டை மறுபக்கம் திறந்திருக்காது பல வண்டில, போல்ட் ரெண்டு எம்எம் நீளமா இருந்தா அடியில போய் முட்டிக்கும், உனக்கு கைல டைட்டா தெரியும், சுவிட்ச் லொடலொடன்னு ஆடும். சரி இன்னும் டைட் பண்ணலாம்னு அமுக்குனா டி பிளேட் அலுமினியம், மரை பொடியா உதுந்துடும், அப்புறம் லேத்துக்குத் தான் ஓடணும். தலைல 8.8 அல்லது 12.9னு அடிச்ச போல்ட்டா வாங்கு, அது போல்ட்டோட பலத்தக் காட்டுற நம்பர். பளபளன்னு இருக்குன்னு ஸ்டெயின்லெஸ் கேக்காத.

மாட்டுற அன்னிக்கு பேட்டரில மைனஸ் வயர முதல்ல கழட்டு. வைசரும் ஹெட்லைட் டூமும் கழட்டித் தொங்க விட்டா பெரும்பாலான வண்டில அடியிலேர்ந்து அலன் கீயோட குட்டைப் பக்கம் உள்ள போகும், அதுக்கு இடம் இருந்தா டி பிளேட்ட கழட்டவே கழட்டாத. வீடியோல டி பிளேட்ட கைல எடுத்து டேபிள் மேல வெச்சு அழகா மாட்டுவான், அது பாக்க சுலபம், ஆனா மேல இருக்குற பெரிய நட்ட தொட்டா கோன் செட் டைட் மறுபடி பாக்கணும், ஃபோர்க் பைப் ஏறி இறங்கிடுச்சான்னு பாக்கணும், ஒரு வேலை மூணு வேலையாயிடும்.

போல்ட் ஓட்டைய டார்ச் அடிச்சுப் பாரு. உளி வெச்சு தட்டுன வண்டி இது, இரும்புத் தூள் கண்டிப்பா இருக்கும். சாதா ஆயில் தொட்ட துணிய ஸ்க்ரூடிரைவர்ல சுத்தி உள்ள விட்டுத் தொடை, ஹேண்டில் லாக் பின் போற ஓட்டையயும் அதே மாதிரி தொடை, அது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். அப்புறம் போல்ட் மரைல மட்டும் ஆயில் பசை இல்லாம தொடைச்சிட்டு நீல லாக்டைட் (போல்ட் லூஸாகாம பிடிக்குற பசை) ஒரு சொட்டு. செவப்பு வேணாம், அத கழட்ட சூடு காட்டணும், பக்கத்துல வயரும் பிளாஸ்டிக்கும் இருக்கு. நீலமே ஆனாலும் ஒரு சொட்டுக்கு மேல வழிஞ்சு சுவிட்ச்சோட பிளாஸ்டிக் அடிப்பாகத்துல பட விடாத, சில பிளாஸ்டிக் அது பட்டா வெடிப்பு விட்டுடும்.

ரெண்டு போல்ட்டையும் விரலாலயே நாலு சுத்து ஏத்து. விரலால ஏறலன்னா கோணலாப் போகுதுன்னு அர்த்தம், கீய வெச்சு பலவந்தம் பண்ணாத, எடுத்துட்டு திரும்ப வை. ரெண்டும் ஏறுனதும் அத மாத்தி இத மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணு.

டார்க் ரெஞ்ச் இல்லன்னு கவலைப்பட்டியே, உன் வண்டி சர்வீஸ் புக்ல ஒரு நம்பர் இருக்கும், அது தான் கணக்கு. பொதுவா 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம், 8 எம்எம்முக்கு 20க்கு கொஞ்சம் மேல. வீட்ல பயணப் பெட்டி எடை பாக்குற கொக்கி தராசு இருக்கா? 20 சென்டிமீட்டர் நீளத்துல பிடிச்சு 10 கிலோ காட்டுற வரைக்கும் நேர் குறுக்க இழுத்தா அது கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர். அதே 10 கிலோவ 10 சென்டிமீட்டர்ல இழுத்தா 10. அலன் கீ குட்டையா இருந்தா ஒரு சின்ன பைப் சொருகிக்கோ, ஆனா நீளத்த போல்ட் நடுவுலேர்ந்து தராசு கொக்கி வரைக்கும் அளக்கணும். தராசும் இல்லன்னா, கீய முழுக் கையால பிடிக்காம நுனில மூணு விரல் வெச்சு இழு, 6 எம்எம் போல்ட்டுக்கு அதுவே போதும். முடிச்சதும் போல்ட் தலைலயும் பக்கத்து இரும்புலயும் சேத்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடு, வீட்ல யாரோடதாவது இருக்கும், கேட்டு எடு. அப்புறம் கோடு விலகியிருக்கான்னு பாத்தாலே போல்ட் லூஸாச்சான்னு தெரிஞ்சுடும்.

வயர் பழைய வழியிலயே போகணும். பழைய டை கட்டுன இடம், அழுக்கு பட்ட தடம், கிளிப்பு எல்லாம் பாத்தா தெரியும். கிளட்ச் கேபிளுக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் பின்னாடி சொருகி விடாத, டைய இறுக்கிக் கட்டாத, ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா போகும்போது வயர் கொஞ்சம் தளர்வா மடங்கிட்டே இருக்கணும், இழுபடவே கூடாது. போன தடவை அறுந்ததே இதனால தான் இருக்கும், கடைல எவனோ டேங்க கழட்டி மாட்டும்போது வயர இழுத்துக் கட்டியிருப்பான்.

இப்ப ஹேண்டில் லாக். எல்லாத்தையும் விட இத தான் நிதானமா பாக்கச் சொல்லுவேன். சாவி சுவிட்ச் கரண்ட் விடுற பொருள் மட்டும் இல்ல, அதுலேர்ந்து ஒரு இரும்புப் பின் வெளிய வந்து ஸ்டீயரிங் பைப் ஓட்டைல உக்காந்து தான் ஹேண்டில் பூட்டுது. சுவிட்ச் ரெண்டு எம்எம் கோணலா உக்காந்தாலோ, போல்ட் லூஸாகி இறங்குனாலோ, அந்தப் பின் பாதி நீட்டிட்டு நிக்கலாம், இரும்புத் தூள் சிக்குனாலும் அதே கதி. ஓட்டிட்டுப் போறப்ப அது எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா ஹேண்டில் அப்படியே நின்னுடும், கத்திப்பாரா மேம்பாலத்து வளைவுல அது நடந்தா என்ன ஆகும்னு நான் விவரிக்கத் தேவையில்ல. அதனால வண்டி சென்டர் ஸ்டாண்டுல நிக்கும்போதே ஹேண்டில இடது பக்கம் முழுசா ஒடிச்சு சாவிய அமுக்கித் திருப்பு, பின் சொரசொரப்பு இல்லாம உக்காரணும். திறந்ததும் பின் முழுசா உள்ள போகணும், டார்ச் அடிச்சுப் பாத்தா கண்ணுக்கே தெரியும். பல தடவை பூட்டித் திற. அப்புறம் சாவி ஆன்ல வெச்சு ஹேண்டில இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மெதுவா கொண்டு போ, எங்கயாவது ஒரசுற சத்தமோ தடையோ வந்துச்சுன்னா வண்டிய வெளிய எடுக்காத, போல்ட்ட லூஸ் பண்ணி சுவிட்ச்ச சரியா உக்கார வெச்சு மறுபடி பாரு. இதுல மட்டும் பரவால்லன்னு விட்டுடாத.

பேட்டரி மைனஸ மாட்டிட்டு சாவி ஆன், நியூட்ரல் லைட், ஹாரன், பிரேக் லைட் எல்லாம் பாரு. ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு ஹேண்டில ரெண்டு மூலைக்கும் ஒடி, அப்படியே அந்த கழுத்துப் பக்க வயர கையால அசை. இன்ஜின் ஒரு சொட்டு கூட திக்கக் கூடாது. திக்குச்சுன்னா முதல்லயே சொன்ன அந்த மெயின் வயரிங் கேஸ் தான். அப்புறம் சாவிய ஆஃப் பண்ணா இன்ஜின் நிக்குதான்னு பாரு, சிரிக்காத, சாவி சுவிட்ச்ல நாலு வயர் வர்ற, ஹோண்டா வழி வந்த பழைய சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற பெட்டி) வண்டிகள்ல ஆஃப்ல கறுப்புல வெள்ளைக் கோடு போட்ட வயரும் பச்சை வயரும் சேந்தா தான் இன்ஜின் நிக்கும், கப்ளர் பின் ஒண்ணு சரியா உக்காரலன்னா சாவிய கைல எடுத்துட்டாலும் வண்டி பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். கடைசியா மீட்டர வோல்ட்ல போட்டு, பிரேக்க மிதிச்சு லைட் எரியும்போது சுவிட்ச்சுக்கு உள்ள போற வயர்லயும் வெளிய வர்ற வயர்லயும் ரெண்டு முனைய வை, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எங்கயோ இன்னும் களிம்போ லூஸோ இருக்கு.

சாவிக்கொத்தப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், உங்கப்பா வண்டின்னதும் தோணுச்சு. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி, கூட பெரிய முருகன் டாலர் ஒண்ணுன்னு மொத்தமா தொங்கவிட்டு ஓட்டுவாங்க, ஆடி ஆடி லாக் உள்ள இருக்குற தகடெல்லாம் தேயும். வண்டி சாவிய தனியா வை, முருகன சின்னதா வெச்சுக்கலாம். லாக்ல தேங்காண்ணெய் விடுற பழக்கமும் வேணாம், தூசி அண்டி பிசுக்காயிடும், கிராஃபைட் பவுடர் போதும், இல்லன்னா பென்சில் முனைய சொரண்டி சாவில தடவி ரெண்டு தடவ உள்ள விட்டு எடு.

சிப் வெச்ச சாவி, டேஷ்போர்டுல சாவி படம் மினுக்குற வண்டின்னா மட்டும் நான் மேல சொன்னது பத்தாது, அத ஷோரூம்ல தான் பாக்கணும். டேங்க் மூடியும் சைடு லாக்கும் லாக் செட்லயே வந்திருக்கும், அத அவசரமா மாத்தணும்னு இல்ல, கொஞ்ச நாள் ரெண்டு சாவி வெச்சுக்கோ, ஒருவேளை மீட்டர் வெச்சுப் பாத்து பழைய சுவிட்ச் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா புது செட்ட பிரிக்காம கடைலயே திருப்பிக் குடுக்கப் பாரு, பில்லு வெச்சிருக்கல்ல? பீப் எங்க விட்டுச்சுன்னு எனக்கு எழுது, கூடவே வண்டி எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னும் போடு, அத எழுதவே இல்ல நீ.